கூடுதலும் பெருகுதலும்

தமிழ்ப் பண்டிதனுக்கு அட்சரகணிதத்தில் என்ன வேலை என்று வினவுவார் உளர். சொல்லின் பொருள் மயங்குமிடமெங்கும் பண்டிதனுக்கு வேலை உண்டு. கூடுதல், பெருகுதல் என்னும் இரு சொற்களையும் இக்காலத்தார் ஒன்றாகவே வழங்குகின்றனர். குளத்து நீர் ஒரு சாண் உயர்ந்தாலும் 'பன்மடங்கு பெருகியது' என்று எழுதுவோர்க்குக் குறைவில்லை. இம்மயக்கம் வகுப்பறையுள்ளும் புகுந்துவிட்டது.

ஏகபரிமாணச் சார்பு கூட்டலின் வழிப்பட்டது. மாறி ஒவ்வோர் அலகு ஏறுந்தோறும் ஒரே தொகை வந்து சேரும். வரைபு நேர்கோடாகும், அத்தொகையே கோட்டின் படித்திறன். அடுக்குக்குறிச் சார்போ பெருக்கலின் வழிப்பட்டது. அங்கே ஒவ்வோர் அலகுக்கும் மாறாது நிற்பது தொகையன்று, மடங்கு. இதனை விளக்காது சமன்பாட்டை மனனஞ் செய்விப்பதனாற்போலும், மாறியின் வர்க்கத்துக்கும், மாறியைச் சுட்டியாகக் கொண்ட இரண்டின் அடுக்குக்கும் வேறுபாடறியாது மாணாக்கர் பலர் இடர்ப்படுகின்றனர். மாறி 2 ஆயின் இரண்டும் 4. 4 ஆயின் இரண்டும் 16. ஆனால் 10 ஆகும்போது முன்னது 100, பின்னது 1,024.

இவ்வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. ஒருவர் 10,000 ரூபாவை ஆண்டுக்கு 12 வீத வட்டிக்குக் கடன் வாங்கி, ஒன்றுந் திருப்பிக் கொடாதிருக்கிறார் என்க. முதலாண்டின் முடிவில் எளிய வட்டியாயினுங் கூட்டு வட்டியாயினும் 11,200 ரூபாவே. இரண்டாமாண்டில் முன்னது 12,400, பின்னது 12,544. நூற்று நாற்பத்து நான்கு ரூபாதானே என்று கடனாளி அமைதி கொள்வார். முப்பதாமாண்டிலோ முன்னது 46,000. பின்னது ஏறக்குறைய 3 இலட்சம். தொடக்கத்தில் இரண்டும் ஒத்துத் தோன்றுவதே இங்குள்ள வஞ்சகம். கையொப்பமிடுவோர் பார்ப்பது அந்தத் தொடக்கத்தை மாத்திரமே.

அடுக்குக்குறி வளர்ச்சி எனின் விரைந்த வளர்ச்சி என்று கொள்வதும் பிழை. நாடோறும் 1,000 ரூபா சேர்ப்பவனோடு, முதனாள் 2 ரூபா வைத்து அதனை நாடோறும் இரட்டிப்பவனை ஒப்பிடுக. பதின்மூன்றாம் நாளில் முன்னவனிடம் 13,000. பின்னவனிடம் 8,192 தான். மறுநாள் முன்னவன் 14,000, பின்னவன் 16,384. 2020 இல் கொரோனா நோய் பரவத் தொடங்கிய காலத்தே, 'இன்னுஞ் சிலர்க்குத்தானே' என்று பல நாடுகளில் வாளாவிருந்தவர்கள் பதின்மூன்றாம் நாளில் நின்று பேசியவர்களே.

எனினும் எப்பெருக்கமும் எல்லையின்றி நிகழாது. மக்கட்டொகை பெருக்கல் விருத்தியிலும் உணவு கூட்டல் விருத்தியிலும் வளருமென 1798 இல் மால்தஸ் எழுதினார். பின்வந்த காலத்தில் உணவு விளைவு அவர் எண்ணியதினும் மிக உயர்ந்தது. மக்கட்பெருக்கமும் பல நாடுகளில் தளர்ந்தது. சார்பைக் கற்பிப்போர் அது எதுவரை பொருந்தும் என்பதையுங் கற்பித்தல் வேண்டும்.

தமிழில் இவற்றை விளக்கச் சொல்லில்லை என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளை வீசகணித நூலைத் தமிழில் ஆக்கினார். குறை சொல்லிலன்று, கற்பிக்கும் முறையிலே. 3, 7, 11, 15 என ஒரு வரிசையும் 3, 6, 12, 24 என ஒரு வரிசையும் எழுதி, முன்னதில் அடுத்தடுத்த எண்களைக் கழிக்கவும் பின்னதில் வகுக்கவும் பிள்ளைகளை ஏவுக. சமன்பாடு அதன் பின்னர் வரட்டும். பாடவேளை ஒன்று வீணாகும் என்பர் ஆசிரியர் சிலர். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் இதே பாடத்தை மும்முறை மீட்டுவதினும் அது குறைந்த செலவே.