ஓடுகிறதே என்று விட்டுவிடலாமா?

"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று பழைய மடிக்கணினி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. நீட்டிப்புத் திட்டத்தில் பதியாத கணினிகளும் தொடர்ந்து ஓடும். ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அவற்றில் சரிசெய்யப்படமாட்டா. இணையத் தொடர்பின்றிக் கடிதம் தட்டச்சு செய்ய அது போதும். இணைய வங்கிச் சேவைக்கோ, பூட்டுப் பழுதான பெட்டகத்திற்கே ஒப்பாகும்.

விண்டோஸ் 11க்குத் தகுதியான செயலி, 4 ஜிபி நினைவகம், டிபிஎம் 2.0 ஆகியவை தேவை. இவை இருப்பின், கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு மேம்படுத்துவதே முறை. இல்லையெனில் குறுக்குவழியில் ஏற்ற வேண்டாம். லினக்ஸ் நிறுவலாம், அல்லது பணப் பரிவர்த்தனையை அக்கணினியிலிருந்து விலக்கலாம்.

கணினியின் வயதன்று, அதில் நடைபெறும் பணியே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.