அண்ணாச்சி ஓட்டு யாருக்கு?

தேர்தல் வந்துவிட்டால் போதும், சிவகாசி டீக்கடைகளில் எல்லோருமே கணக்குப்பிள்ளைகள்தான். இந்த ஜாதி இத்தனை, அந்த மதம் இத்தனை... கூட்டிக் கழி, ரிசல்ட் ரெடி! நானும் பி.காம். ஆச்சே, சும்மா இருப்பேனா?

அச்சகத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். கழுத்தில் சிலுவை. கையில் ஏசு காலண்டருக்கும் முருகன் காலண்டருக்குமாகச் சேர்த்து ஒரே சுருளாகப் புரூஃப்.

"உங்க சர்ச் ஓட்டு மொத்தமா யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

மனுஷர் கோபப்படவில்லை. டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"தம்பி, 1967-ல காமராஜரைத் தோக்கடிச்ச ஊரு எது?"

"நம்ம விருதுநகர்தான்" என்றேன், அசடு வழிய. 1,285 ஓட்டு வித்தியாசம்.

"1969-ல நாகர்கோவில் பார்லிமென்ட் இடைத்தேர்தல். நேசமணி இருந்த தொகுதி. கிறிஸ்தவங்க ஏகப்பட்ட பேரு. காமராஜரை எதுத்து நின்னவரு டாக்டர் மத்தியாஸ். அவரும் கிறிஸ்தவர். உம்ம கணக்குப்படி யாரு ஜெயிச்சிருக்கணும்?"

திருதிருவென விழித்தேன். காமராஜர் ஜெயித்தது லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில்!

"அங்கே அவரு ஜாதிக்காரங்க அதிகமாச்சே?" நான் விடவில்லை.

"அதுவும் ஒரு காரணம்தான், இல்லேங்கல. ஆனா எங்க பாட்டிக்கு அந்தத் தொகுதிலதான் ஓட்டு. பைபிளைத் தவிர வேற புஸ்தகம் தொட்டதில்ல. 'ஓட்டு வாங்கினவன் எந்தச் சபைன்னா ஆண்டவர் கேப்பாரு? பசிச்ச பிள்ளைக்குச் சோறு போட்டவன் யாருன்னுல்லா கேப்பாரு'ன்னு சொல்லிட்டுப் போயி குத்திட்டு வந்தா."

1956-ல் மதிய உணவு கொண்டுவந்த மனுஷர் அல்லவா காமராஜர்! எனக்குச் சுருக்கென்றது.

"சரி, இப்போ நீங்க?"

"பாட்டி கேட்டதேதான். 2012-ல முதலிப்பட்டி பட்டாசு ஆலையில முப்பது பேருக்கு மேல செத்தாங்க. அதோட நின்னுச்சா? ஓட்டுக் கேட்டு வர்றவர்கிட்ட நான் கேக்கிறது ஒண்ணுதான். 'மருந்து கலக்கப் போன ஆளு சாயங்காலம் முழுசா வீடு திரும்ப நீரு என்ன செய்வீரு?' ஒழுங்கா பதில் சொல்றவருக்கு என் ஓட்டு. திருநீறு பூசியிருந்தா என்ன, தொப்பி போட்டிருந்தா என்ன?"

"சிலுவை போட்டவர் பதில் சொல்லலேன்னா?"

அண்ணாச்சி காலண்டர் சுருளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவருக்கு என் ஜெபம் உண்டு தம்பி. ஓட்டுக் கிடையாது!"