மனைகளை இனங்காணுதல்

ஒரு தெருவில் நுழைந்ததும், ‘இது செட்டியார் வீடு, இது முஸ்லிம் வீடு’ என உரிமையாளரைக் கொண்டு வீட்டை வகைப்படுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு கட்டடக் கலைக்கும் பொருந்தாது, வரலாற்றுக்கும் பொருந்தாது என்பது என் கருத்து. கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. கூரை எதனால் ஆனது? சுமையைத் தாங்குவது சுவரா, தூணா? வெளிச்சம் எவ்வழியே உள்ளே இறங்குகிறது? வாயிலிலிருந்து கொல்லைவரை ஒருவர் எவ்வாறு நடந்து செல்கிறார்?

கூரை காலத்தைக் காட்டிவிடும். வளைந்த நாட்டு ஓடு பழையது. ஒன்றையொன்று கௌவும் தட்டையான மங்களூர் ஓடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. பாசல் மிஷன் அந்நகரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865ஆம் ஆண்டளவில். தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்ட தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும்.

நடைவழிதான் வாழ்க்கையைக் காட்டும். செட்டிநாட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக வீடு நீளும். பெரும் வீடுகளில் முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் மறு தெருவிலும் திறக்கும். பர்மாத் தேக்கும், முட்டை வெண்கரு சேர்த்து மெருகிட்ட சுவரும், ஆத்தங்குடித் தரைக்கல்லும் பலர் அறிந்தவை. காயல்பட்டினத்துப் பழைய வீட்டிலும் திண்ணையும் முற்றமும் உண்டு. ஆயின், பெண்கள் பெருந்தெருவிற்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்றுவர ‘முடுக்கு’ என்னும் குறுஞ்சந்து அங்கு உண்டு. மணமான பெண் தன் பெற்றோர் அளித்த வீட்டிலேயே வாழ்வதும், மாப்பிள்ளை அங்கு வந்து சேர்வதும் அவ்வூர் மரபு. வீடு பெண்வழி இறங்கியதால் உடன்பிறந்தாள் வீடுகள் அருகருகே அமைந்தன என்றும், முடுக்கு அவற்றைக் கோத்தது என்றும் கருதுகிறேன். நம் அடையாளத்தை வளைவிலும் பிறைக்குறியிலும் தேடுவோர் இம்முடுக்கைக் காண்பதில்லை!

நெடுநல்வாடையில், நிழல்கொண்டு திசையறிந்து அரண்மனைக்கு நூலிட்ட செய்தியை நம் மாணவர் தேர்வில் பிழையின்றி எழுதுகின்றனர். அவர்களுள் பலர்க்குத் தம் பாட்டி வீட்டில் ரேழி எது, தாழ்வாரம் எது எனத் தெரியவில்லை.

பாகப்பிரிவினையில் பழைய வீடு இடிபடுவதைத் தடுக்க இயலாது. ஒழுகும் கூரையின்கீழ் வாழுங்கள் எனப் பிறர்க்குச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைபோய்விடும். அறைகளின் பெயர்களைக் கேட்பார் இல்லை. எனவே சமுதாயப் பெரியோர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். இடிக்குமுன் ஒரு நாள் எம் மாணவர்க்குக் கதவைத் திறந்துவிடுங்கள். அவர்கள் அளந்து தரைப்படம் வரையட்டும். உள்கட்டுக்கு மாணவியர் செல்லட்டும். ஒவ்வோர் இடத்தையும் வீட்டுப் பெண்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளட்டும். இதற்கு வேண்டுவன ஓர் அளவுநாடாவும் சில வரைதாள்களுமே.