மென்பொருளைக் கேட்டு வாங்குங்கள்

புரதத்தின் வடிவத்தைத் தட்டைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக் களைத்தவர்களுக்குத்தான் தெரியும், அதன் குழிவுக்குள் தலையை நுழைத்துப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய வரம் என்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் உருவான கைமெராஎக்ஸ் என்ற மென்பொருள் அதைச் சாத்தியமாக்குகிறது. ஆனால் அதற்கான விஆர் ஹெட்செட்டைப் பெட்டியில் அச்சிட்ட பிக்சல் கணக்கை மட்டும் பார்த்து வாங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. மென்பொருள் எதன் வழியாகக் கருவியோடு பேசுகிறது என்பதுதான் முதல் கேள்வி. கைமெராஎக்ஸின் விஆர் காட்சிக்கு ஸ்டீம்விஆர் என்ற இடைநிலை மென்பொருள் வேண்டும்; தரவுகளைக் காட்சிப்படுத்தும் பாராவியூ, ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற தரநிலையையும் ஏற்கும். 2020இல் வந்த ஹெச்பி ரிவெர்ப் ஜி2 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2160க்கு 2160 பிக்சல். ஆனால் அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற தளத்தை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் நீக்கிவிட்டது. திரையின் தெளிவு குறையவில்லை, அடித்தளம்தான் போய்விட்டது. குவெஸ்ட் 3 ஹெட்செட் கணினி இல்லாமல் தனியாகவே இயங்கும். கணினி மென்பொருளுக்கு மட்டும் கேபிளோ நல்ல வைஃபையோ தேவை. கேபிளே மேல் என்பேன். மிச்சப் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள். நொடிக்கு 90 படம் என்றால், இரு கண்ணுக்கும் சேர்த்து ஒவ்வொன்றையும் சுமார் 11 மில்லிநொடிக்குள் வரைந்தாக வேண்டும். பல லட்சம் அணுக்கள் கொண்ட வைரஸ் கூட்டைத் திறந்ததும் கார்டு திணறினால், பார்ப்பவருக்குத் தலை சுற்றும், குமட்டும். வாங்குமுன், கருவி வைத்திருக்கும் ஆய்வகம் ஒன்றுக்கு உங்களிடமுள்ள மிகப் பெரிய கோப்பை எடுத்துச் சென்று திறந்து பாருங்கள். கண்ணாடியோடு வசதியாக இருக்கிறதா என்று அறிய, மூக்குக்கண்ணாடி போடும் மாணவர் ஒருவரை அங்கேயே ஹெட்செட்டை அரை மணி நேரம் அணிந்து பார்க்கச் சொல்லுங்கள்.