பிழை பிள்ளையிலா, பற்றரியிலா?

நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாள். காலைக் கூட்டத்தில் அதிபர் கதைக்கத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மைக் நின்றுவிட்டது. வயர் இல்லாத கைமைக். உள்ளே ரீசார்ஜ் செய்யும் சின்னப் பற்றரி இரண்டு போடுவது.

எல்லோருடைய கண்ணும் தரம் 10 மாணவன் ஒருவன் பக்கம் திரும்பியது. மைக்குக்குப் பொறுப்பு அவன்தான்.

"லீவுக்கு முந்தியே ஃபுல்லா சார்ஜ் போட்டுத்தான் வெச்சேன் சேர்" என்றான்.

நாம் நம்பவில்லை. "போட்டிருந்தா எங்க போச்சு? அலுமாரிக்குள்ள இருந்தே பறந்து போச்சா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உண்மையில் அது பறந்துதான் போயிருந்தது. அதை அறிய நமக்கு ஒரு வாரம் எடுத்தது. அந்த ஒரு வாரத்தில் நாம் கற்றதை எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் இந்தப் பதிவு.

அன்றே மீண்டும் சார்ஜ் போட்டான். அடுத்த நாள் பதினைந்து நிமிடத்தில் நின்றது. நாம் என்ன செய்தோம்? பொறுப்பை அவனிடமிருந்து எடுத்து இன்னொரு மாணவனிடம் கொடுத்தோம். அவனிடமும் பதினைந்து நிமிடத்தில் நின்றது. ஆளை மாற்றியும் பிழை மாறவில்லை என்றால் பிழை ஆளில் இல்லை. பரிசோதனை என்றால் இதுதான் என்று வகுப்பில் படிப்பிக்கிறவர்கள் நாம். ஆனால் அதை நாமே தற்செயலாகத்தான் செய்தோம்.

ஆய்வுகூட லாச்சியில் ஒரு மல்டிமீற்றர் இருந்தது. பிள்ளைகள் கையில் கொடுத்தால் பழுதாகிவிடும் என்று உறைகூடக் கழற்றாமல் வைத்திருந்தோம். அதை எடுத்து இரண்டு மாணவர்களையும் கூப்பிட்டு இருத்தினோம்.

முதலில் சும்மா அளந்தார்கள். ஒன்று 1.31 வோல்ற்று, மற்றது 1.27. இந்த வகைப் பற்றரியின் பெயரளவு 1.2 வோல்ற்றுதான் என்பதால் இரண்டுமே நல்லவை போலத் தெரிந்தன. பிறகு ஒவ்வொன்றுக்கும் 10 ஓம் தடையி ஒன்றை இணைத்து, மின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தார்கள். ஒன்று 1.24இல் நின்றது. மற்றது கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டு வந்து சில நிமிடங்களில் 0.9க்குக் கீழே போனது.

வேலை கொடுக்காமல் பற்றரியை அளப்பது, படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்து சுகம் என்று சொல்வது போல. எழுந்து நடக்கச் சொன்னால்தான் விளங்கும். கடையில் "மீற்றர்ல நல்லாத்தான் காட்டுது" என்று சொல்லித் திருப்பித் தருவதும் பெரும்பாலும் இந்தப் படுத்த நிலை அளவைத்தான்.

அப்போதுதான் இரண்டு பற்றரியிலும் எழுதியிருந்ததை வாசித்தோம். ஒன்றில் 2500 மில்லிஅம்பியர் மணி. மற்றதில் 1300, எழுத்தும் மங்கிப்போன பழையது. எப்போதோ ஒன்று தொலைந்துபோக, யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். தொடராக இணைத்த இரண்டிலும் ஒரே மின்தான் ஓடும். சின்னது முதலில் காலியாகிவிடும். ஆனால் பெரியது விடாமல் தள்ளும். காலியான கலத்தின் ஊடாக மின் தள்ளப்படும்போது அதன் முனைகள் தலைகீழாகின்றன. அது இன்னும் கெடுகிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் நிற்கும். புதிதோடு பழையதை, ஒரு வகையோடு இன்னொரு வகையைச் சேர்க்க வேண்டாம் என்று உறையில் எழுதியிருப்பது வியாபாரத் தந்திரம் இல்லை.

அடுத்து சார்ஜரைத் திருப்பிப் பார்த்தோம். வெளியீடு 120 மில்லிஅம்பியர் என்று இருந்தது. கணக்கை அந்த மாணவனே போட்டான். 2500ஐ 120ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 21 மணித்தியாலம். சூடாகி வீணாகும் பங்கையும் சேர்த்தால் அதற்கும் மேலே. நாம் அவனுக்குக் கொடுத்திருந்த கட்டளை என்ன? "காலை ஏழரைக்குப் போடு, ஒன்றரைக்கு மணி அடித்ததும் கழற்று." ஆறு மணித்தியாலம். 720 மில்லிஅம்பியர் மணி. பெரிய பற்றரிக்கு அது மூன்றிலொரு பங்குகூட இல்லை.

"ஃபுல்லா ஆகிட்டுதா என்று பார்க்க லைட் ஒன்று இருக்குதானே?" என்று கேட்டோம். அந்த லைட் எப்போதுமே சிவப்புத்தான் என்றான். போட்டுப் பார்த்தோம். நிரம்பிய பற்றரியைப் போட்டாலும் சிவப்பு, காலியானதைப் போட்டாலும் சிவப்பு. பற்றரி முனை தொட்டிருக்கிறது என்பதைத் தவிர அந்த லைட்டுக்கு வேறொன்றும் தெரியாது.

இனி அந்த விடுமுறை. சாதாரண நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரி, எதிலும் போடாமல் சும்மா வைத்திருந்தாலும் தன் சார்ஜைத் தானே இழக்கும். ஒரு மாதத்தில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை போகலாம். சூடு கூடினால் இன்னும் கூடப் போகும். நமது அலுமாரியோ தகரக் கூரைக்குக் கீழே. மூன்றிலொரு பங்குகூட நிரம்பாத பற்றரி ஒரு மாதம் அந்தச் சூட்டில் இருந்திருக்கிறது. அதிபர் இரண்டு நிமிடம் கதைத்ததே பெரிய காரியம்.

ஆக மூன்று பிழைகள். ஜோடி சேராத பற்றரி, பொருந்தாத சார்ஜ் நேரம், விடுமுறையில் தானாகக் கசிந்த சார்ஜ். மூன்றிலும் அந்தப் பிள்ளையின் பிழை ஒன்றுகூட இல்லை. ஒன்று நமது கட்டளையிலேயே இருந்தது.

நமது வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. டோர்ச் எரியவில்லை என்றால் "யார் இதை எரிய விட்டது?" என்பது முதல் கேள்வி. "பற்றரி செத்துட்டு, வீசு" என்பது முதல் தீர்ப்பு. இரண்டுக்கும் இடையில் கேட்க வேண்டிய நாலு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று: முனைகள் சுத்தமா? பற்றரி இருக்கும் இடத்துச் சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின் தடைப்படும். கசிந்தது காரம். பஞ்சில் கொஞ்சம் வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விட்டாலே பல சாமான்கள் உயிர் பெறும்.

இரண்டு: சார்ஜ் உண்மையில் ஏறுகிறதா? பற்றரியின் அளவைச் சார்ஜரின் வெளியீட்டால் பிரித்துப் பாருங்கள். லைட்டை நம்ப வேண்டாம். போனுக்கு என்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். வயரில் உள்ள பிழைக்குப் பற்றரி பழி சுமந்த வீடுகள் எத்தனையோ.

மூன்று: சும்மா இருக்கும்போது போகிறதா? ஒரு வாரம் பற்றரியைச் சாமானுக்குள் வைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் மீண்டும் நிரப்பி வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள். வெளியே வைத்தபோது சார்ஜ் நின்றால் குடிப்பது பற்றரி இல்லை, சாமான். நிறுத்திய பிறகும் உள்ளே ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது.

நாலு: ஒவ்வொன்றாக, வேலை கொடுத்து அளந்தீர்களா? நாலு பற்றரி போடும் சாமானில் ஒன்று கெட்டாலும் நாலும் கெட்டது போலத்தான் தெரியும். நாலையும் வீசுகிறோம். அதில் மூன்று நல்லவை.

இந்த நாலும் தாண்டிய பிறகுதான் "செத்துட்டு" என்று சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், நினைவிருக்கும். அப்போது நாம் எல்லோரும் ரீசார்ஜ் டோர்ச்சும் எமர்ஜென்சி லைட்டும் வாங்கினோம். கரண்ட் சீரானதும் அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனபோது தேடி எடுத்தோம். நமது வீட்டில் இருந்த இரண்டில் ஒன்றும் எரியவில்லை. "மலிவுச் சாமான், அப்படித்தான்" என்றோம். மலிவுச் சாமான்தான். ஆனால் அதைக் கொன்றது நாம். அதற்குள் இருந்தது சின்ன ஈயப் பற்றரி. அந்த வகையைக் காலியாக வைத்திருந்தால் தகட்டில் ஈய சல்பேற்று இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் போட்டாலும் சார்ஜ் ஏறாது. பாவித்தவுடன் நிரப்ப வேண்டும். பாவிக்காவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். மாதத் தொடக்கத்தில் வெளிச்சம் பார்த்து வைப்பது பெரிய வேலை இல்லை.

"முழுக்கக் காலியாக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக் காலத்து அறிவுரை. ஈயப் பற்றரிக்கும் லிதியம் பற்றரிக்கும் அது கேடு. அறிவுரை பிழை என்று இல்லை. காலம் மாறியும் அறிவுரை மாறவில்லை.

போனில் இருப்பது லிதியம். 30 வீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கெமராவைத் திறந்ததும் அணைகிறதா? பற்றரி முதுமையடைந்து அதன் அகத்தடை கூடிவிட்டது. கெமரா திடீரென்று கூடுதல் மின் கேட்கும்போது வோல்ற்று சரிந்து போன் அணைந்துவிடுகிறது. சூடுதான் இதன் பெரிய எதிரி. தலையணைக்குக் கீழே வைத்து சார்ஜ் போடுவதும், வெயிலில் நிற்கும் ஓட்டோவின் முன்பக்கம் வைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். பற்றரி வீங்கியிருந்தால் இங்கே சொன்ன எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பாவிப்பதை நிறுத்துங்கள். குத்த வேண்டாம், அமுக்க வேண்டாம், குப்பையோடு எரிக்க வேண்டாம். பழைய போன் பற்றரியில் வயர் ஒட்டி மின்விசிறி செய்து விளையாடும் பிள்ளைகள் நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களின் ஆர்வத்தை மெச்ச வேண்டும். வீங்கிய பற்றரி எது என்று காட்டிக்கொடுக்கவும் வேண்டும். வெறுமனே அடித்துத் தடுத்தால் நமக்குத் தெரியாத இடத்தில் போய்ச் செய்வார்கள்.

"சில நூறு ரூபாச் சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். சில நூறு ரூபா எல்லா வீட்டுக்கும் சின்னக் காசு இல்லை. வீசும் பற்றரியில் உள்ள ஈயமும் கட்மியமும் நமது மண்ணுக்குள்தான் இறங்குகின்றன. எல்லாவற்றையும்விட, பிழையைத் தேடத் தெரியாத இடத்தில் மனிதன் பிழையாளி ஆகிவிடுகிறான். இலகுவாக அகப்படுகிறவன் அவன்தான்.

நாம் ஆசிரிய கலாசாலையில் இருந்தபோது உலர் கலத்தை வெட்டுமுகமாக வரைந்து, நிறம் தீட்டி, பெயர் குறித்து, காட்சிப் பலகையில் ஒட்டினோம். நல்ல புள்ளியும் எடுத்தோம். கெட்டுப்போன கலம் ஒன்றைக் கையில் தந்து "ஏன் என்று கண்டுபிடி" என்று யாரும் கேட்கவில்லை. அதே படத்தைத்தான் நாமும் வகுப்பில் வரைகிறோம். பிள்ளைகளும் வரைகிறார்கள். வீட்டில் டோர்ச் நின்றால் அந்தப் படம் ஒன்றுக்கும் உதவுவதில்லை.

பாடத்திட்டம் முடிக்கவே நேரம் போதாது என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். நமக்கும் அந்த நெருக்கடி தெரியும். ஆனால் கேட்பது 40 நிமிடப் பாடவேளை ஒன்றுதான். பிள்ளைகள் தத்தமது வீட்டில் "செத்த" பற்றரிகளைக் கொண்டுவரட்டும். வீங்கியதும் போன் பற்றரியும் மட்டும் வேண்டாம். ஒரு மல்டிமீற்றர், ஒரு 10 ஓம் தடையி, ஒரு துண்டுப் பஞ்சு போதும். அளந்து, எழுதி, எது நல்லது எது கெட்டது என்று காரணத்தோடு பிரிக்கட்டும். மீற்றர் பழுதாகும் என்று பயப்பட வேண்டாம். உறைக்குள் வைத்த மீற்றர் ஏற்கனவே பழுதானது போலத்தான்.

நமது பாடசாலையில் இப்போது ஒரே வகைப் பற்றரி நாலு இருக்கிறது. சார்ஜை நீண்ட காலம் காத்துவைக்கும் வகை. 2005இல் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் வெளியிட்டதிலிருந்து சந்தையில் கிடைப்பது. ஜோடி பிரியாமல் இருக்க மார்க்கரால் இலக்கம் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்து, நிரம்பியதும் தானாக நிறுத்தும் சார்ஜர் ஒன்றும் வாங்கினோம். மைக் நிற்பதில்லை.

பொறுப்பு மீண்டும் அந்த மாணவனிடம்தான். எல்லோருக்கும் முன்னால்தான் அவனைக் கேள்வி கேட்டோம். ஆகவே எல்லோருக்கும் முன்னால் நின்று, பிழை அவனில் இல்லை, நம்மில் என்று சொன்னோம். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால், மூன்று பிழைகளைத் திருத்திவிட்டு நாலாவதை மட்டும் அப்படியே வைத்திருந்தவர்களாகியிருப்போம்.

இன்று இரவு வீட்டு டோர்ச்சை ஒரு தடவை எரித்துப் பாருங்கள். எரியாவிட்டால் பிள்ளைகளை ஏசாமல், அந்த நாலு கேள்வியையும் அவர்களோடு சேர்ந்து கேளுங்கள்.