டிராகோ செய்த குற்றம் என்ன?



ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம் கட்டிய நம் பழைய மாணவர் ஒருவர், ‘இது டிராகோனியன் சட்டம்’ என்று பொங்கி எழுதியிருக்கிறார். டிராகன் என்ற நெருப்புக் கக்கும் பூதத்திலிருந்து வந்த சொல் அது என்று கீழே இன்னொருவர் விளக்கம் வேறு. இரண்டையும் மறுக்கிறேன்.

அது ஒரு மனிதரின் பெயர். கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸ் நகரத்துக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தவர் டிராகோ. (கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கே பாம்பு என்று பொருள். ஆனால் ஆங்கிலச் சொல் பாம்பைப் பார்த்து வரவில்லை, ஆளைப் பார்த்து வந்தது.) காய்கறி திருடினாலும் அவர் சட்டத்தில் மரண தண்டனை என்று எழுதி வைத்தவர் புளூட்டார்க். அவரோ ஏறக்குறைய 700 ஆண்டுகள் பிந்தியவர். அதற்காகக் கடுமையே இல்லை என்று வாதாட மாட்டேன். பின்னால் வந்த சோலோன், கொலை பற்றிய சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கிவிட்டார்.

அந்த ஒன்றை ஏன் வைத்துக்கொண்டார்? அதுவரை சட்டம் பிரபுக்களின் வாயில் இருந்தது. கொலைக்குக் கொலை என்று குடும்பங்கள் பழி தீர்த்துக்கொண்டன. டிராகோ சட்டத்தை எழுத்தில் வைத்தார். வேண்டுமென்றே கொல்வது வேறு, கைதவறி நேர்வது வேறு என்று பிரித்தார். கைதவறி நேர்ந்ததற்கு உயிர் போகாது, நாடுகடத்தல்தான். இறந்தவனின் தந்தை, சகோதரர்கள், மகன்கள் எல்லோரும் ஒப்பினால் மன்னிப்பும் உண்டு. ஒருவர் மறுத்தாலும் கிடையாது. இவரையா கொடுமைக்கு அடைமொழி ஆக்கினோம்?

ரசீதோடு கட்டிய 1,000 ரூபாயைக் கொடுங்கோன்மை என்கிறவர்கள், ரசீதில்லாமல் 100 ரூபாய் நீட்டித் தப்பியதை ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்கிறார்கள். எனக்குப் பயம் அந்த எழுதாத 100 ரூபாயிடம்தான். அதை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் எதைக் காட்டுவீர்கள்?

1919-இல் ரௌலட் சட்டம் வந்தது. விசாரணையில்லாமல் ஆளைச் சிறையில் வைக்கலாம் என்றது. ஹெல்மெட்டுக்கே அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால் இதற்கு எந்தச் சொல்லை எடுப்பீர்கள்?

டிராகோவின் கொலைச் சட்டத்தை கி.மு. 409-408இல் மறுபடி கல்லில் வெட்டினார்கள். சிதைந்த அந்தக் கல் இன்றும் ஏதென்ஸில் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வண்டியில் போனால் ஹெல்மெட்டோடு.