ஏறாமலும் தரிசிக்கலாம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், வடகிழக்கு மூலையிலுள்ள விஸ்தாரமான புல்வெளிகளினூடே பிரயாணம் செய்கிறவர்களுக்கு, அடிவாரத்திலிருந்து 867 அடி உயர்ந்து தன்னந்தனியே நிற்கும் டெவில்ஸ் டவர் என்னும் பாறை வெகுதூரத்திலேயே கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் உள்ளிருந்து எழும்பிய கற்குழம்பு, குளிர்ந்து சுருங்குகையில் பெரும்பாலும் அறுபட்டைத் தூண்களாகப் பிளந்து இறுகியதும், சுற்றியிருந்த மிருதுவான பாறைகளை மழையும் நதியும் யுகயுகமாக அரித்துச் சென்றதுமே இந்தக் கம்பீர ரூபத்திற்குக் காரணம் என்பது சாஸ்திரக்ஞர்களில் பெரும்பாலோர் கருத்து. கயோவா மக்களோ, கரடிக்கு அஞ்சி ஓடிய ஏழு சிறுமியரைக் காக்கப் பாறையே வளர்ந்து வானளாவியதென்றும், தூண்களின் இடுக்குகள் அக்கரடியின் நகக்கீறல்களென்றும், சிறுமியர் கார்த்திகை நட்சத்திரங்களானார்களென்றும் சொல்லுகிறார்கள்.

1906இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதனை நாட்டின் முதல் தேசிய நினைவுச் சின்னமாகப் பிரகடனம் செய்தார். அதற்கு முன்பே, 1893 ஜூலை 4ஆம் தேதி, இடுக்கில் அறைந்த மர முளைகளாலான ஏணியின் உதவியால் வில்லியம் ராஜர்ஸ் என்பவர் சிகரத்தை எட்டிவிட்டார். இன்றோ கயிறு கட்டி ஏறுவோர் பலர். லகோட்டா, செயன் முதலிய பல பூர்வகுடி மக்கள் ஜூன் மாதத்தில் இங்கே விரதங்களும் சடங்குகளும் நடத்துவதால், அம்மாதம் மட்டும் ஏறாதிருக்குமாறு 1995 முதல் பூங்கா நிர்வாகம் வேண்டிக்கொள்கிறது. இது சட்டத் தடையன்று. ஆகவே வேண்டுகோளைப் பொருட்படுத்தாமல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பொது நிலத்தில் ஏறுவது எங்கள் உரிமை, மலையேற்றமும் ஒருவகை பக்தியே என்று அவர்கள் கூறுவதை நான் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் வல்லூறு கூடுகட்டும் பருவத்தில் கூட்டையடுத்த ஏறுவழிகளை அடைத்து வைப்பதை நியாயமென ஏற்கும் மனம், தலைமுறை தலைமுறையாக அங்கே பிரார்த்தித்து வரும் மனிதருக்காக முப்பது நாள் பொறுக்க மறுப்பது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. மற்ற மாதங்களிலும் அப்பாறை அங்கேதானே இருக்கப்போகிறது!

ஜூனில் செல்லும் வாய்ப்புப் பெறும் வாசகர்கள், அடிவாரத்தைச் சுற்றிச் செல்லும் இரண்டு கிலோமீட்டர் நடைபாதையில் நிதானமாக நடந்து, தூண்களை அண்ணாந்து பார்த்து அனுபவியுங்கள். மரக்கிளைகளில் கட்டியிருக்கும் வண்ணப் பிரார்த்தனைத் துணிகளைத் தொடாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.